கதவு பூட்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
இந்த ஊர்ச் சுவர்களைப் படிக்கிறேன்.
மின்வாரியம் சம்பளம் தருவது
சுவரில் இருக்கும் மீட்டரைப் படிக்க.
ஆனால் கண் என்ன,
பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுமா?

சலவன்பேட்டையில் முதலில் அகப்பட்டது யானை.
மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயைத்
துதிக்கையாக வைத்துக்கொண்டு
யாரோ இரண்டு பக்கமும் காது வரைந்திருந்தார்கள்,
கரியும் கொஞ்சம் காவியும்.
வேலூரில் அந்தக் குழாய்க்கு
வருஷத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்?
மிச்ச நாளெல்லாம் யானை தாகமாய் நிற்கிறது.
"எவ்ளோம்மா வந்திருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.
"யானை வந்திருக்கு சார்."
வெளியே வந்து பார்த்தார்.
அவர் வீட்டுச் சுவர்தான்.

அப்புறம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

கொணவட்டத்தில் ஒரு விரிசல்.
அதைப் பாலாறு என்று வைத்து
இரு கரையிலும் கடுகு கடுகாய் மணல் லாரி.
சித்திரையில் எண்ணினேன், முப்பத்தொன்று.
ஆனியில் விரிசல் ஒரு சாண் நீண்டிருந்தது.
லாரி நாற்பத்துநாலு.

கஸ்பாவில் முனவ்வர் பாய் கடை ஷட்டரில் ஏதோ மை
தீற்றினாற்போல் இருந்தது.
"வெள்ளிக்கிழமை ஒண்ணரை மணிக்கு வாங்க,
கடை தூங்குறதைப் பார்க்கலாம்" என்றார்.
போனேன்.
ஷட்டர் தரையைத் தொட்டதும்
இரண்டு பெரிய இமைகள்,
மயிர் மயிராய்.

லாங்கு பஜார் பக்கம் ஒன்றுமில்லை.
அங்கே சுவர்கள் தேர்தல்வரை முன்பதிவு.
தப்பிய இடத்தில் கண்ணீர் அஞ்சலி,
அதன்மேல் மஞ்சள் நீராட்டு.

பாபு ராவ் தெரு, லாட்ஜுகளின் பின்சந்து.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் துணி காயப்போடுவார்கள்.
ஈரப் புடவையை ஒதுக்கித்தான்
நான் மீட்டரைக் கண்டுபிடிக்க வேண்டும்.
ஒதுக்கினால், நீலத்தில் ஒரு மீன்.
பேனா. வெறும் பால்பாயிண்ட் பேனா.
சுண்ணாம்பில் அது எழுதுமா, அடம்பிடிக்குமே!
செதிலுக்குச் செதில் உள்ளே எழுத்து,
கொடிக்கயிற்றில் தொங்குகிற மாதிரி எழுத்து.
துண்டு மடிக்கிற தபன் வந்து
அவனுடைய தமிழில் படித்தான்.
இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்ட்டா.
இன்னிக்கு ஜுரம் இல்ல.
இன்னிக்கு டாக்டர் சிரிச்சார்.
இன்னிக்கு மழை வர மாதிரி, வரல.
வால் பக்கம் செதில்கள் காலி.
நான் கேட்கவில்லை.
"ஊருக்குப் போயிருப்பாங்க அக்கா" என்றான்.
நானும், மை தீர்ந்திருக்கும் என்றேன்.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அந்த மாதம் அந்த லாட்ஜில்
ஒரு மீட்டரைத் தப்பாகக் குறித்துவிட்டேன்.

ஆள் இல்லாத வீட்டுக்கு நாங்கள் எழுதுவது
'கதவு பூட்டு'.
தோட்டப்பாளையத்தில் ஒரு வீடு,
சாலைக்காக இடித்தது, பாதிச் சுவர்தான் மிச்சம்.
கதவே கிடையாது.
இணைப்பை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.
போன வாரம் அதில் ஒரு மீட்டர் இருந்தது.

அக்னி நட்சத்திர வெயில், தூரத்திலிருந்து நம்பிவிட்டேன்.
கிட்டே போனால் பெயிண்ட்.
கண்ணாடியின் பளபளப்புக்கு வெள்ளையில் ஒரு கீற்று,
முத்திரைக் கம்பி, ஈயப் பொட்டு,
பழைய சக்கரம், அதில் சிவப்புக் கோடு.
ஒன்றும் விட்டுப்போகவில்லை.
மேலே ஒரு பல்லி.
அடடா என்று தொடப் போனேன், ஓடிவிட்டது.

எண் 04417.
கைக்கருவியில் தட்டினேன், அப்படி இணைப்பு இல்லை என்றது.
நிழலுக்கு ஒதுங்கி, மளிகைச் சீட்டின் பின்னால்
குறித்துக்கொண்டேன்.
எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுபடி ஆடியில் போவேன்.
எண் ஓடியிருந்தால்
பில்லை யார் பேருக்குப் போடுவது என்று
இப்போதே யோசனையாக இருக்கிறது.